சூமா, வீடியோவா, வட்ஸ்அப்பா? மட்டக்களப்பில் ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டாள். ஆசிரியர் நியமனம் எப்போது வருமோ தெரியாது, அதுவரைக்கும் ஓ/எல் (சாதாரண தரம்) பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணிதம் படிப்பிக்கலாம் என்று யோசனை. "சேர், சூம்ல செய்யிறதா, வீடியோ எடுத்துப் போடுறதா, வட்ஸ்அப் குறூப் காணுமா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க. தம்பி வெப்சைட் ஒண்டு செஞ்சு தாறன் எண்டு நிக்கிறான்." போனில் ஒரு வட்ட லைட்டின் படமும் விலையும் எடுத்து வைத்திருந்தாள். அதை முதலில் மூடி வைக்கச் சொன்னேன்.

கல்முனை, சம்மாந்துறை, வாழைச்சேனைப் பக்கத்து ஆசிரியர்களும் இதே கேள்வியோடு அடிக்கடி கதைக்கிறார்கள். நான் களுவாஞ்சிகுடியில் வகுப்பு வைக்கிறவன். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வருவார்கள். மாரியில் அதுவும் நின்றுபோனால் அந்த வாரம் கதிரைகள் காலி. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது எல்லாரையும் போல நானும் போனுக்கு மாறினேன். சூம், வீடியோ, வட்ஸ்அப், கூகுள் கிளாஸ்ரூம் என்று நாலையும் பிடித்துப் பார்த்து, நாலிலும் ஏதாவது ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தோடுதான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

எந்தச் செயலி நல்லது என்று தொடங்கினால் கேள்வி முடியாது. பிள்ளையின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

போன் எப்போது வீட்டில் இருக்கும்? நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளை படிக்கும் போன் தகப்பனுடையது. அவர் கடலுக்குப் போனால் போனும் கடலுக்குப் போகும். பெரும்போக விதைப்புக் காலத்தில் அது வயல் வாடியில் கிடக்கும். தாயின் போன் என்றால் அக்கா, தம்பி என்று வரிசை நிற்கும். பின்னேரம் நாலு மணிக்கு வகுப்பு என்று அறிவிக்கும் முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

டேட்டா எவ்வளவு போகும்? நம்முடைய பாடம் ஒன்றுக்கு மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைத்துவிடும். அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு, மூன்று ஆசிரியர்களிடம் ஆன்லைனில் படிக்கும்.

பிள்ளை விட்ட பிழை எத்தனை நாளில் எனக்குத் தெரியும்? எனக்கு இதுதான் தலையாய அளவுகோல். ஒரு நாள் சூமில் மடக்கை (log) படிப்பித்தேன். ஒன்றிலும் சிறிய எண்களுக்கு மடக்கை எழுதுவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினேன். "விளங்கினதா?" என்று கேட்டேன். "ஓம் சேர்", "ஓம் சேர்" என்று திரை நிறைய வந்து விழுந்தது. எனக்கும் திருப்தி. அடுத்த நாள் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 0.0345க்கு, அட்டவணையில் 5378 என்பதை எல்லாரும் சரியாகப் பார்த்திருந்தார்கள். முன்னால் வரவேண்டியது தலையில் கோடு போட்ட 2. பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் கோடு போட்ட 1 நின்றது. புள்ளிக்குப் பின்னால் ஒரு பூச்சியம்தானே இருக்கிறது, அதை எண்ணி 1 போட்டிருக்கிறார்கள். "ஓம் சேர்" என்று சொன்னபோது எவரும் பொய் சொல்லவில்லை, விளங்கியதாகத்தான் நினைத்திருக்கிறார்கள். கொப்பியைப் பார்க்காமல் விட்டிருந்தால் தவணைப் பரீட்சை வரைக்கும் அந்த 1 அப்படியே வளர்ந்திருக்கும்.

ஆசிரியரின் நேரம் எங்கே போகும்? சில வழிகளில் பாடத்துக்கு முன்னால் போகும், சிலதில் பாடத்துக்குப் பிறகு. இரண்டில் எது உங்கள் வீட்டு நிலைக்கு ஒத்துவரும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் திரும்பப் பாவிக்கலாமா? பிள்ளையின் நம்பரும் படமும் யார் கண்ணில் படும்? இந்த இரண்டையும் தொடக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. பிரச்சினை வந்த பிறகுதான் யோசிக்கிறோம்.

## சூம் போன்ற நேரடி வகுப்பு

நேரடி வகுப்பில் ஒரு உயிர் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம், பகிடி விடலாம், பிள்ளை இடையில் கேட்கலாம். நேரம் குறித்தால்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல கட்டுப்பாடு. பெற்றோருக்கும் "வகுப்பு நடக்குது" என்று கண்ணுக்குத் தெரியும், காசு வாங்குவது சுலபம்.

டேட்டா விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் செலவழிக்க வைக்கிறார்கள். சூம் நிறுவனமே சொல்லும் அளவுகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். குழு அழைப்பில் நல்ல தரமான வீடியோவுக்கு நொடிக்கு சுமார் 600 கிலோபிட் வேண்டும். மணிக்கு அது 270 எம்பி. வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் என்றால் மாதம் 16 மணி நேரம், சுமார் 4.3 ஜிபி. மூன்று பாடம் இப்படிப் படித்தால் 13 ஜிபிக்குக் கிட்ட. ஆனால் ஆசிரியர் தன் கமராவை மூடிவிட்டு, திரையைப் பகிர்ந்து, குரலோடு மட்டும் படிப்பித்தால் இரண்டும் சேர்த்து நொடிக்கு 150 கிலோபிட்டுக்கு மேல் பெரும்பாலும் போகாது. மணிக்கு 70 எம்பிக்குள். அதே மூன்று பாடம் மூன்றேகால் ஜிபியோடு முடிகிறது. என் முகத்தைக் காட்டுவதற்குப் பிள்ளையின் வீட்டில் நாலு மடங்கு காசு போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் கமரா போடுவதில்லை. முதல் ஐந்து நிமிடம் முகம் காட்டி, வணக்கம் சொல்லி, அப்புறம் மூடிவிடுவேன். பிள்ளைகளையும் கமரா போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. டேட்டா ஒரு காரணம். வீட்டின் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று வகுப்பு முழுக்கப் பார்க்கட்டும் என்று எந்தப் பிள்ளையும் விரும்பாது.

இலவசக் கணக்கில் சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லுவார்கள். எனக்கு அது உதவியாகவே இருந்தது, 40 நிமிடத்துக்கு மேல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை திரையைப் பார்த்து இருப்பதே பெரிய காரியம். கூகுள் மீட் இலவசக் கணக்கில் குழுவுக்கு ஒரு மணி நேரம் தரும்.

மறைந்திருக்கும் செலவு நேரக் குறிப்பில் இருக்கிறது. பின்னேரம் ஆறரை என்று வைத்தால் காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகளுக்கு மஃரிப் தொழுகை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் இரவு முழுக்க ஒலிபெருக்கி. நோன்பு காலத்தில் இரவு வகுப்பே சரிவராது. மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சிக்னலும் தள்ளாடும். 2022 மின்வெட்டுக் காலத்தில், சில நாட்களில் 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் இல்லாதபோது, ஒரு வகுப்பை மூன்று முறை ஒத்திவைத்தேன். நாலாவது முறை வந்தவர்கள் மூன்று பேர்.

தவறவிட்ட பிள்ளைக்கு நேரடி வகுப்பு அடுத்த நாள் இல்லை. பதிவு செய்து கொடுக்கலாம் என்பீர்கள். இரண்டு மணி நேரப் பதிவை, "சத்தம் கேக்குதா?", "அவரை மியூட் பண்ணுங்க" எல்லாவற்றோடும் உட்கார்ந்து பார்த்த பிள்ளை ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

சரி, எப்போது இதுவே மேல்? பிள்ளைகள் பதினைந்து, இருபது பேருக்குள் இருந்து, மட்டக்களப்பு டவுன், கல்லடி, கல்முனை போல வீட்டு இணைப்பு உள்ள இடங்களில் இருந்தால். உயர்தரம் இறுதி ஆண்டில் சந்தேகம் தீர்க்கும் வகுப்புக்கு. ஆங்கிலம் பேசப் பழக்குவதற்கு. பேச்சுப் பயிற்சியை வீடியோ போட்டுச் செய்ய முடியாது.

## பதிவு செய்த வீடியோ

என் முதல் வீடியோக்களைப் பார்த்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்பறையில் எப்படிப் படிப்பித்தேனோ அப்படியே கமரா முன் நின்றேன். யூடியூபில், லிங்க் கையில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டுவிட்டு, ஆட்கள் எதுவரை பார்க்கிறார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தேன். நாலாம் நிமிடத்துக்குள்ளேயே கோடு சரிந்து கிடந்தது. நான் முக்கியமான கணக்கை ஆரம்பிப்பது இருபதாம் நிமிடத்தில்.

இது என் குறை மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. 2014இல் பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடநெறித் தளத்தில் 69 இலட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களைத்தான் மாணவர் பெரும்பாலும் முழுதாகப் பார்க்கிறார்கள். அச்சடித்த சிலைடுகளைக் காட்டிக் கதைப்பதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோக்கள் பிள்ளைகளை அதிக நேரம் பிடித்து வைக்கின்றன. அவர்கள் பார்த்தவை பல்கலைக்கழகத் தரத்துப் பாடங்கள். அங்கேயே ஆறு நிமிடம் என்றால் நம் பத்தாம் வகுப்புக்கு நான் வேறென்ன சொல்ல?

இப்போது நான் செய்வது இதுதான். மேசைமேல் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் விளிம்பிலிருந்து கமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கீழே பார்க்கும்படி போன். போன் விழாமல் அதன்மேல் மடக்கை அட்டவணைப் புத்தகம். கீழே வெள்ளைத்தாள், தடித்த எழுத்து எழுதும் நீலப் பேனா. சட்டைக் கொலரில் வயர் மைக். காசு செலவழிப்பதென்றால் அந்த மைக்குக்கு மட்டும் செலவழியுங்கள். மங்கலான படத்தைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், காகமும் ஓட்டோவும் கலந்த சத்தத்தைப் பொறுக்காது. ஒரு வீடியோவில் ஒரு கணக்கு, அல்லது ஒரு பிழை. "0.0345க்கு ஏன் 2?" என்பதே ஒரு வீடியோ. நாலரை நிமிடம். யூடியூபில் 360பி தரத்தில் பார்த்தாலே எழுத்துத் தெளிவாகத் தெரியும், டேட்டாவும் கொஞ்சம்தான்.

இந்த வழியின் பெரிய வாசி, தகப்பன் கடலிலிருந்து வந்து போனை வைத்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கும் பாடம் அங்கேயே இருக்கும். விளங்காத இடத்தைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்க்கலாம். வகுப்பில் "சேர், இன்னொருக்கா" என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. அடுத்த வருடமும் பாவிக்கலாம்.

செலவு முன்னால் வருகிறது. நாலரை நிமிட வீடியோவுக்கு எனக்கு இன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. கணக்கைத் தேர்ந்து, தாளில் ஒரு முறை எழுதிப் பார்த்து, எடுத்து, பிழைத்து, திரும்ப எடுத்து. பாடத்திட்டம் மாறினால் போட்டதெல்லாம் போச்சு. வீடியோவில் ஒரு இலக்கம் பிழைத்துவிட்டால் அது ஆயிரம் தரம் பிழைக்கும். அப்புறம் களவு. காசு கட்டின ஒரு பிள்ளையிடமிருந்து டெலிகிராமில் ஒரு குழுவுக்குப் போய், அங்கிருந்து எனக்கே ஒருவர் "நல்ல கிளாஸ் ஒண்டு, பாருங்க" என்று என் வீடியோவை அனுப்பியிருக்கிறார். முழுதாகப் பூட்ட வழியில்லை. அதனால் வீடியோவை விற்காதீர்கள், திருத்தத்தை விற்றால் அதை யாரும் களவெடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வீடியோ கொப்பியைப் பார்க்காது. பிள்ளை மூன்று தரம் பார்த்துவிட்டு "எல்லாம் விளங்கிற்று" என்று எழும்பும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு பக்கம், படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள், அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, திரும்பப் படித்தவர்களுக்கு 42. வீடியோ முடிந்த கையோடு வரும் அந்தத் திருப்தி ஐந்து நிமிடக் கணக்கு. பரீட்சை ஒரு வாரத்துக்கும் பிறகுதான் வரும்.

ஒரு யோசனை: எல்லாப் பாடத்தையும் நீங்களே எடுக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையதளத்தில் தமிழிலும் பாடங்கள் கிடக்கின்றன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பிடிஎஃப் ஆகவே தருகிறது. பிள்ளைகள் எங்கே வழமையாகப் பிழை விடுகிறார்களோ அந்த இடங்களுக்கு மட்டும் வீடியோ எடுங்கள். ஒரு வருடத்தில் நாற்பது வீடியோ போதும்.

## வட்ஸ்அப் குழு

படித்தவர்கள் இதைக் குறைவாகப் பேசுவார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் இதுவரை பிழைத்து நிற்பது இதுதான். பிள்ளையின் வீட்டில் வேறெந்தச் செயலி இல்லாவிட்டாலும் வட்ஸ்அப் இருக்கும், தாய்க்கும் பாவிக்கத் தெரியும். பல வீடுகளில் போடுவது சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா தரும் பொதி. அந்த வீட்டில் கூகுள் டிரைவ் இணைப்பைத் தட்டினால் திறக்காது, வட்ஸ்அப்பில் வந்த படம் திறக்கும். மூன்று நிமிடக் குரல் பதிவுக்கு ஒரு எம்பிகூட வராது. வெல்லாவெளிப் பக்கத்து ஒரு பிள்ளை பின்னேரம் வயல் மதகில் ஏறி நின்று குழுவைத் திறந்து, எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் சிக்னல் இல்லாமலே படித்தது. சூமில் அந்தப் பிள்ளை மதகிலேயே இரண்டு மணி நேரம் நின்றிருக்க வேண்டும், நுளம்போடு.

பிழை பிடிப்பதிலும் இதற்கு இணை இல்லை. கொப்பியின் படம் வரும், அதன்மேலேயே சிவப்பால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு குரல் பதிவு: "மனே, பூச்சியத்தை எண்ணாத. புள்ளியிலிருந்து பூச்சியமில்லாத முதல் இலக்கம் எத்தனையாவது இடத்தில நிக்குது எண்டு எண்ணு." இருபது நொடி. வகுப்பறையில்கூட ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிச் சொல்லியதில்லை.

அதன் விலை ஆசிரியரின் இரவு. அறுபது கொப்பி, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். போன் நிறைந்துவிடும். காலை ஐந்தரைக்கும் கேள்வி வரும், இரவு பதினொன்றுக்கும் வரும். பதில் சொல்லும் நேரத்தை முதல் நாளே எழுதிப் போடாவிட்டால் குடும்பத்தில் சண்டை வரும். எனக்கு வந்தது. குழுவில் ஒரு கேள்வி போட்டால் கீழே ஐம்பது "நன்றி சேர்" விழுந்து, கேள்வியே புதைந்துபோகும். பாடத்தை ஒரு குழுவிலும் கதையை இன்னொன்றிலும் பிரித்து, பாடக் குழுவில் ஆசிரியர் மட்டும் எழுதும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், சாதாரணக் குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். என் குழு ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் நம்பரை எடுத்து யாரோ இரவில் மெசேஜ் போட, தாய் பிள்ளையை வகுப்பிலிருந்தே நிறுத்திவிட்டார். பிள்ளை கெட்டிக்காரி. தவறு யாருடையது என்று பார்த்தால் குழுவை அப்படித் திறந்து வைத்த என்னுடையது. வட்ஸ்அப்பில் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாகவோ சேனலாகவோ வைத்தால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. கொப்பியைத் தனியாக ஆசிரியரின் நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த நம்பரும் உங்கள் சொந்த நம்பராக இருக்கவேண்டாம். முடிந்தால் தாய் தகப்பனின் போனிலிருந்தே வரட்டும்.

## கூகுள் கிளாஸ்ரூம், மூடில், சொந்த வெப்சைட்

பார்க்க ஒழுங்காக இருக்கும். பாடம் ஒரு பக்கம், ஒப்படை ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். கிளாஸ்ரூமுக்குக் காசு இல்லை. மூடில் 2002இல் வெளிவந்த, ஆன்லைனில் பாடநெறி நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள், அதற்கும் உரிமக் காசு இல்லை. ஆனால் அதைப் போட்டுவைக்க சேர்வர் வாடகை, டொமைன், காலத்துக்குக் காலம் புதுப்பித்தல், பிரதி எடுத்தல் என்று ஒரு ஆள் தேவை. பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். உங்களிடம் தம்பி இருக்கிறான், அவனுக்கும் நாளைக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும்.

கிளாஸ்ரூமில் நான் விழுந்த இடம் பாடத்துக்கு முந்தியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூகுள் கணக்கு வேண்டும். தாயின் போனைத் திறந்தால் அதில் ஏற்கெனவே ஒரு ஜிமெயில் இருக்கிறது, போன் விற்ற கடைக்காரத் தம்பி போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்ட் அவனுக்கும் மறந்துவிட்டது. முதல் இரண்டு கிழமையும் நான் கணிதம் படிப்பிக்கவில்லை, பாஸ்வேர்ட் மாற்றத்தான் படிப்பித்தேன்.

தானாகத் திருத்தும் வசதியைக் காட்டி மயக்குவார்கள். பாடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். உயர்தரப் பௌதிகவியலில் 50 பல்தேர்வு வினா இருக்கிறது, அங்கே அது பொன். இணைந்த கணிதத்தில் பல்தேர்வே இல்லை. பகுதி அ, பகுதி ஆ எல்லாம் எழுதிக்காட்ட வேண்டியவை, படிமுறைக்குத்தான் புள்ளி. அதைக் கிளாஸ்ரூமோ மூடிலோ உங்களுக்காகத் திருத்தித் தராது. பல்தேர்வு மட்டும் போதுமென்றால் ஒரு கூகுள் ஃபோர்ம் செய்துவிடும். பிழையான விடைக்கு "இந்த வீடியோவைப் பார்" என்று இணைப்பையும் அதில் வைக்கலாம்.

நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம், வருடா வருடம் அதே பாடநெறி, வினா வங்கி சேர்க்கும் எண்ணம், வளர்ந்த மாணவர்கள் என்றால் மூடில் நல்ல முதலீடு. தனி ஆளாகத் தொடங்குகிறவருக்கு இது கல்யாணத்துக்கு முன் கட்டிய மாளிகை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரடி வகுப்பு | பதிவு வீடியோ | வட்ஸ்அப் | கிளாஸ்ரூம், மூடில் |
|---|---|---|---|---|
| பகிரும் போனுக்கு | கஷ்டம் | நல்லது | மிக நல்லது | கணக்குச் சிக்கல் |
| டேட்டா | கமராவோடு மணிக்கு 270 எம்பி, குரலும் திரையும் மட்டும் 70க்குள் | தரத்தைக் குறைத்தால் கொஞ்சம் | மிகக் குறைவு | போடும் பொருளைப் பொறுத்தது |
| பிழை தெரியவருவது | அந்த நேரமே, ஆனால் வாய் திறக்கும் பிள்ளைக்கு மட்டும் | தெரியவராது | ஒரு நாளில், ஒவ்வொரு பிள்ளைக்கும் | பல்தேர்வில் உடனே |
| ஆசிரியரின் நேரம் | வகுப்போடு முடியும் | முன்னால் | பின்னால், முடிவில்லை | தொடக்கத்தில் மலைபோல |
| திரும்பப் பாவிப்பு | இல்லை | உண்டு | கொஞ்சம் | உண்டு |
| கவனிக்க வேண்டியது | ஒத்திவைப்பு | களவு, பழைய பிழை | நம்பர் வெளியாவது | பார்த்துக்கொள்ள ஆள் |

## அவளுக்கு நான் சொன்னது

அட்டவணையில் ஒரு வரி மட்டும் கறுப்பு எழுத்தில் போடலாம் என்றால் நான் பிழை தெரியவரும் வரியைப் போடுவேன். பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆயிரம் வண்டி இருக்கிறது. கொப்பி திரும்பி வரும் வழியை முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பொருத்தமான வண்டியைப் பிடிக்க வேண்டும். அதனால் அவளுக்கு ஒரு கலவையைச் சொன்னேன். அதுவும் முப்பது பிள்ளைக்கு மேல் முதல் வருடம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

திங்கள் இரவு இரண்டு சிறிய வீடியோ, வட்ஸ்அப் வழியாக. அதோடு ஒரு பக்க டியூட் (பயிற்சித்தாள்), ஐந்து கணக்கு. ஐந்தாவது போன மாதப் பாடத்திலிருந்து, மறந்ததை இழுத்து எடுக்க. வியாழன் இரவுக்குள் கொப்பிப் படம் வரவேண்டும். வெள்ளி அவள் திருத்துவாள். எல்லாருக்கும் நீளமாகப் பதில் வேண்டாம். பத்துக் கொப்பியில் ஒரே பிழை என்றால் அதைத் தாளில் குறித்துக்கொண்டு அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே குரல் பதிவு. ஞாயிறு நாற்பது நிமிடம் சூம், கமரா இல்லாமல், அந்த வாரத்துப் பிழைகள் மட்டும். பெயர் சொல்லாமல் கொப்பிப் படத்தைக் காட்டி, "இதில எங்க பிழை?" என்று கேட்கச் சொன்னேன். அடுத்தவன் பிழையைப் பிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோசம் எந்தச் செயலியாலும் தரமுடியாதது. ஞாயிறு தவறிய பிள்ளைக்கு நட்டம் பெரிதில்லை, அதன் கொப்பி ஏற்கெனவே திருத்தியாயிற்று.

இந்தக் கலவை எல்லாருக்கும் இல்லை. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருந்துகொண்டு, சிக்னல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளை வைத்திருப்பவர் ஞாயிறு சூமையும் விட்டுவிட்டு, மாதம் ஒரு தரம் நேரில் கூடலாம். புலமைப்பரிசில் வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைனே இரண்டாம் பட்சம். அடைமழை நாட்களுக்கு வட்ஸ்அப் டியூட், மற்றப்படி பாய் விரித்து நேரில். உயர்தரத்தில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் சேரும் பெயர்பெற்ற ஆசிரியருக்குக் கொப்பி திருத்த இரண்டு உதவியாளர் இல்லாமல் எதுவும் சரிவராது. அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கட்டணத்தில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கட்டணம் என்றதும் அவள் கேட்டாள்: "சேர், வங்கிச் சிலிப் அனுப்பாத பிள்ளைய நிப்பாட்டுறதா?" வீடியோவையும் டியூட்டையும் நிறுத்தாதே, அதனால் உனக்குச் செலவில்லை, திருத்தத்தை மட்டும் ஒரு மாதம் பொறுத்துப் பார், மறுகா தாயோடு கதை என்றேன். வீட்டில் எத்தனை போன், எத்தனை மணிக்குக் கையில் வரும், என்ன பொதி போடுகிறீர்கள் என்று மூன்று கேள்வியை எழுதி, சேர விரும்பியவர்களுக்கு அனுப்பச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் பதில்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பாதிக்கு மேல் ஒரே பதில்: "இரவு எட்டுக்குப் பிறகு, அப்பா வந்த பிறகு", "இஷாவுக்குப் பிறகு, வாப்பாட போன்". கீழே அவள் எழுதியிருந்தாள்: "நான் பின்னேரம் அஞ்சு மணிக்கு எண்டு போஸ்டர் அடிக்க இருந்தன் சேர்."